‘ஆதரவுக் குழுவை நாடலாம்’ என்றால் எங்கே போய் நாடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் குடிநோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. கல்லீரல் என்ன ஆகும், மூளை என்ன ஆகும், வீட்டில் இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்பதையெல்லாம் மிரட்டாமல் சொல்லியிருந்தார் மருத்துவர். கடைசிப் பத்தியில், ‘சிகிச்சையோடு ஆதரவுக் குழுக்களையும் நாடலாம்’ என்று ஒரு வரி. அதோடு கட்டுரை முடிந்துவிட்டது. கீழே ஒரு தொலைபேசி எண் இல்லை, முகவரி இல்லை, என்ன கிழமை எத்தனை மணி என்ற தகவலும் இல்லை. இடப் பற்றாக்குறை என்று சொல்ல முடியாது. அதை ஒட்டியே கால் பக்கத்துக்கு ஒரு மெத்தை விளம்பரம் படுத்துக் கிடந்தது.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியே காலம் தள்ளியவன். எதைப் படித்தாலும் என்ன விடுபட்டிருக்கிறது என்றுதான் கண் தேடும். அதோடு, குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த நினைப்பவர்களும் கூடும் ஒரு குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். எங்கள் குழுவின் தொலைபேசி இப்போது என் கையில்தான் இருக்கிறது. புதிதாக விசாரிப்பவர்கள் முதலில் பேசுவது என்னிடம்தான். அந்த ஒற்றை வரி என்னை உறுத்தியதற்குக் காரணம் அதுதான்.

கடிதத்தின் கீழே பெயர் இல்லையே என்று நினைப்பீர்கள். நான் இருப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பின் குழு, சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். அதற்கு 12 மரபுகள் உண்டு. பத்திரிகை, வானொலி, திரைப்படம் ஆகியவற்றில் உறுப்பினர்கள் தங்களை அடையாளம் காட்டிக்கொள்வதில்லை என்பது 11-வது மரபு. வெட்கத்தால் அல்ல. இன்றைக்கு ஒருவர் தன் படத்தைப் போட்டு ‘நான் திருந்திவிட்டேன்’ என்று பேட்டி கொடுத்து, நாளைக்கு மறுபடி குடித்துவிட்டால், அதைப் படித்த பத்துப் பேர் ‘இதெல்லாம் சும்மா’ என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இன்னொன்று, எங்களில் யாரும் தலைவர் ஆகிவிடக் கூடாது. சரி, இதுவும் அமைப்பின் சார்பில் எழுதும் கடிதம் இல்லை. அப்படி எழுத எனக்கு உரிமை கிடையாது. ஒரு வாசகனின் கடிதம், அவ்வளவுதான்.

தொலைபேசி எப்போது அடிக்கும் தெரியுமா? பெரும்பாலும் விடியற்காலை, முந்தின இரவு மோசமாகப் போயிருக்கும்போது. அந்த நேரத்து மனசு ரொம்ப நேரம் நிற்காது. மத்தியானத்துக்குள் உடம்பு கொஞ்சம் தேறும், கூடவே ‘அவ்வளவு ஒன்றும் மோசமில்லையே’ என்ற எண்ணமும் வந்து சேரும். காலையில் ‘இன்னைக்குக் கூட்டம் இருக்கா?’ என்று கேட்டவரிடம் ‘வியாழக்கிழமை வாங்க’ என்று சொன்னால், வியாழக்கிழமை அவர் வரமாட்டார். அதனால் அவருக்கு வேண்டிய தகவல் ஒன்றே ஒன்றுதான்: இன்றைக்கு, போய்வரக்கூடிய தூரத்தில், எங்கே, எத்தனை மணிக்கு. குடியின் கேடுகள் அவருக்கு ஏற்கெனவே தெரியும். கட்டுரை எழுதிய மருத்துவரைவிடவும் சில விஷயங்கள் அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு முறை ஒருவர் அழைத்தார். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம். குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறைக்குள் நின்று பேசுகிறார். பலர் அப்படித்தான் பேசுவார்கள்.

“சார், ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேக்கிறேன்.”

“சொல்லுங்க சார். உங்க ஃப்ரெண்டுக்கு என்ன தெரியணும்?”

பணம் எவ்வளவு கட்ட வேண்டும் என்றார். ஒன்றும் வேண்டாம் என்றேன். பெயர், முகவரி எழுதிக்கொள்வார்களா? மாட்டார்கள். அடையாள அட்டை கேட்பார்களா? கேட்கமாட்டார்கள். போட்டோ எடுப்பார்களா? எடுக்க விடவே மாட்டோம். கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், “அங்க தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்துட்டா?” என்றார்.

“இருந்தா, அவரும் அதுக்குத்தானே சார் வந்திருப்பார்?”

சிரித்துவிட்டார். குழாயை மூடினார். “எத்தனை மணிக்கு நான் வரணும்?” என்று கேட்டார். ஃப்ரெண்டு அதோடு காணாமல் போய்விட்டார்.

இவர் கேட்ட கேள்விகளைத்தான் கிட்டத்தட்ட எல்லாரும் கேட்கிறார்கள். இவற்றுக்குப் பதில் உங்கள் பத்திரிகையில் எப்போதாவது வந்திருந்தால் ஒரு தயக்கமாவது குறைந்திருக்கும். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் ஏ.ஏ. உறுப்பினராக வேண்டிய தகுதி. நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சந்தா கிடையாது, கட்டணம் கிடையாது. கூட்டத்தில் ஒரு பையோ டப்பாவோ சுற்றி வரும். அறை வாடகைக்காக உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள். புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. வெளியாட்கள் கொடுக்கும் நன்கொடையை நாங்கள் வாங்குவதும் இல்லை.

உள்ளே என்னதான் நடக்கும் என்று பலருக்குக் கற்பனை எங்கெங்கோ போகிறது. வெள்ளைக் கோட்டு போட்டவர் உட்கார வைத்து அறிவுரை சொல்வார் என்று நினைத்து வந்தவர்கள் உண்டு. நாற்காலிகள் இருக்கும். ஒருவர் கூட்டத்தை நடத்துவார். அவரும் குடிநோயாளிதான், அடுத்த வாரம் வேறொருவர் அந்த இடத்தில் இருப்பார். ஒவ்வொருவராகப் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசுவதில்லை, ‘நீ அப்படிச் செய்திருக்கக் கூடாது’ என்று சொல்வதில்லை. உங்கள் முறை வரும்போது ‘இன்னைக்குக் கேட்டுக்கிறேன்’ என்று சொன்னால் போதும், அடுத்தவரிடம் போய்விடும். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். முதல் நாளே அழுகிறவர்கள் உண்டு, சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகையில் திரும்பி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உண்மையான தடங்கல் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் குழு கூடும் நேரம் எப்போதோ மாறிவிட்டது. முன்பு மாலை 6 மணி, இப்போது 7.30. ஒரு மருத்துவமனையின் அறிவிப்புப் பலகையில் மட்டும் பழைய சீட்டு அப்படியே இருந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஒருவர் 6 மணிக்கு வந்திருக்கிறார். அறை பூட்டியிருந்தது. காவலாளியைக் கேட்டால், “இங்க அப்படி எதுவும் நடக்கிறதில்லையே” என்றாராம். அவர் பகல் நேரத்துக் காவலாளி, அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் நாங்கள் வருவோம். வந்தவர் பேசாமல் திரும்பிவிட்டார். வெகுநாள் கழித்து, வேலை போன பிறகு, வேறு வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தபோது இதைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ‘நமக்கு எழுதி வெச்சது இவ்வளவுதான்னு நினைச்சேன் சார்’ என்றார். மெய்ப்புத் திருத்துபவனுக்கு இதைவிட வயிறு எரியும் பிழை வேறு என்ன இருக்க முடியும்? அடுத்த நாள் நானே போய் அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினேன். கீழே, ‘இந்தத் தகவல் சரிபார்க்கப்பட்ட மாதம்’ என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

இணையத்தில் தேடலாமே என்பீர்கள். தேடலாம். ஏ.ஏ. சுமார் 180 நாடுகளில் இருக்கிறது. பல நாடுகளில் அதற்கென்று சொந்த இணையதளமும், கூட்டப் பட்டியலும், உதவி எண்ணும் உண்டு. ‘மீட்டிங் கைடு’ என்று ஓர் இலவசச் செயலியும் இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கே, எப்போது கூட்டம் என்று காட்டும். ஆனால் எல்லா ஊரும் அதில் இல்லை. தேடுபொறியில் சும்மா ‘குடிப்பழக்கம் நிறுத்த’ என்று தட்டினால் முதலில் வருவது என்ன? பணம் வாங்கும் மையங்களின் விளம்பரம், ‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று விற்கும் பொடிகள். கட்டணம் கேட்டால் அது நான் சொல்லும் கூட்டம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். பொடி விற்பவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது, விட்டுவிடுகிறேன்.

பட்டியல் கிடைத்த பிறகும் கவனிக்க வேண்டியவை உண்டு. ‘ஓப்பன்’ என்று போட்டிருந்தால் யார் வேண்டுமானாலும் வரலாம். குடும்பத்தினர், மாணவர்கள், நிருபர்கள்கூட வரலாம், கேட்டதை வெளியே பெயர் சொல்லிப் பேசக் கூடாது, அவ்வளவுதான். ‘க்ளோஸ்டு’ என்றால் குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும். மனைவி துணைக்கு வந்து வாசலோடு நிற்க வேண்டியதாகிவிட்டதே என்று வருத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்த சீட்டில் அந்த ஒரு வார்த்தை இல்லாததுதான் காரணம். அப்புறம் இடம். குழுக்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. தேவாலயத்தின் பின்பக்க அறை, பள்ளிக்கூட வகுப்பறை, சமூகக் கூடம் என்று எங்கே மலிவாக இடம் கிடைக்கிறதோ அங்கே கூடுவோம். அதனால் ‘இது அந்த மதத்துக்காரர்கள் நடத்துவது போல’ என்று நினைத்து வாசலிலிருந்தே போய்விடுகிறவர்கள் உண்டு. எந்த மதத்தோடும் ஏ.ஏ.வுக்குச் சம்பந்தம் இல்லை. வரைபடச் செயலி முன்வாசலில் கொண்டுபோய் விடும், அறைக்கு வழியோ பின்பக்கம் இருக்கும். பலகை வைத்தால் வருகிறவருக்குச் சங்கடம் என்று பலகையும் வைக்கமாட்டோம். வைத்தாலும் ஒரு தாளில் இரண்டு எழுத்துதான் இருக்கும். ஆகவே கிளம்பும் முன் ஒரு முறை தொலைபேசியில் பேசிவிடுவது நல்லது. ‘பச்சைக் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன் வாங்க’ என்று எங்களில் ஒருவர் வெளியே வந்து நிற்பார். அந்த ஏற்பாடு பல குழுக்களில் உண்டு, கேட்கத்தான் வேண்டும்.

நேரில் போக வழியில்லாதவர்களுக்கு இணையவழிக் கூட்டங்கள் இருக்கின்றன. 2020-ல் கொரோனா காலத்தில் அறைகள் மூடியபோது பெருகியவை, இன்றும் நடக்கின்றன. தமிழில் பேசும் கூட்டங்களும் உண்டு. தமிழ்க் குரலே காதில் விழாத ஊரில் இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. கேமராவை அணைத்துவிட்டு, பெயருக்குப் பதில் ஓர் எழுத்தைப் போட்டுக்கொண்டு உட்காரலாம். நேர மண்டலத்தை மட்டும் சரியாகப் பாருங்கள். இரவு 8 மணி என்றால் எந்த நாட்டு 8 மணி? பட்டியல்களில் நான் கண்ட பிழைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

இன்னொரு விஷயம், இதை வேண்டுமானால் கொட்டை எழுத்தில் போடுங்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர், கூட்டத்துக்குப் போகிறோமே என்று ஒரே நாளில் தானாக நிறுத்திவிடக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று ஆரம்பிக்கும். நிறுத்திய முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரியும், இடம் பொருள் தெரியாமல் பிதற்றுவார்கள். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்கிற இந்த நிலை உயிரையே வாங்கக்கூடியது. காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது என்று தொலைபேசியில் யாராவது சொன்னால், கூட்ட நேரத்தை நான் அப்புறம்தான் சொல்வேன், முதலில் மருத்துவரைப் பாருங்கள் என்பேன். சில நாள் மருந்தோடு பத்திரமாக நிறுத்த வழி இருக்கிறது. அதேபோல மருத்துவர் கொடுக்கும் மாத்திரையை, குழுவில் யாரோ சொன்னார் என்று நிறுத்திவிடக் கூடாது. நாங்கள் மருத்துவர்கள் அல்ல. மருத்துவம் பேச ஆசைப்படும் பெரியவர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரிடம் மற்ற எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளலாம்.

ஏ.ஏ.வைப் பற்றியே பேசுகிறேன், எனக்குத் தெரிந்தது அது. ஆனால் அது மட்டும்தான் வழி என்று சொல்லமாட்டேன். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளில் கடவுள் வருகிறார். அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். இருந்தாலும் சிலருக்கு அது தொண்டையில் இறங்குவதில்லை. அவர்களுக்கு ஸ்மார்ட் ரிகவரி இருக்கிறது. 1994-ல் தொடங்கியது. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளும் உளவியல் பயிற்சிகளை வைத்து நடக்கும், கடவுள் பேச்சு இல்லை. இணையத்திலும் கூட்டம் போடுகிறார்கள். ஆண்கள் நிறைந்த அறையில் பேச முடியாத பெண்களுக்குப் பெண்கள் மட்டும் கூடும் கூட்டங்கள் உண்டு. பெண்களிடமிருந்து வரும் அழைப்பில் முதல் கேள்வி எப்போதும் ‘லேடீஸ் வருவாங்களா சார்?’ என்பதுதான். பட்டியலில் இந்தத் தகவலும் இருக்க வேண்டும்.

என் தொலைபேசியில் வரும் அழைப்புகளில் ஒரு பெரிய பங்கு மனைவிமார்களும் அம்மாக்களும் செய்வது. ‘அவர் வரமாட்டேங்கிறார், நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க சார்’ என்பார்கள். தூக்கிக்கொண்டு போக எங்களால் முடியாது. ‘அவர் வராட்டி பரவாயில்லைம்மா, நீங்க வாங்க’ என்றால் திகைத்துப் போகிறார்கள். நான் ஏன் வரணும், நானா குடிக்கிறேன்? நியாயமான கேள்வி. குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951-லிருந்து இருக்கிறது. ஏ.ஏ.வைத் தொடங்கியவர்களில் ஒருவரின் மனைவி லோயிஸ் வில்சன் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர். பிள்ளைகளுக்கு அல்-அடீன் என்று இன்னொன்று. அங்கே போய், வீட்டில் குடிப்பவரின் குடியை நிறுத்தும் வித்தையைக் கற்றுக்கொள்ள முடியாது. பாட்டிலை ஒளித்து வைப்பது, அலுவலகத்துக்குப் பொய் சொல்வது, ராத்திரியெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்வது இதையெல்லாம் விட்டுவிட்டு உயிரோடு இருப்பது எப்படி என்று மற்றவர்கள் சொல்லக் கேட்கலாம். இந்த அமைப்பின் பெயரைத் தமிழ்ப் பத்திரிகையில் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை.

இதனால் பலன் உண்டா என்று உங்கள் வாசகர் கேட்பார், கேட்க வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2020-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 27 ஆய்வுகள், 10,000-க்கும் மேற்பட்டவர்கள். ஏ.ஏ.வும், ஏ.ஏ.வுக்குப் போகும்படி முறையாக வழிநடத்தும் சிகிச்சையும், தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகின்றன, மற்ற அளவுகோல்களில் அவற்றுக்குக் குறைந்தவை அல்ல என்பது அதன் சாரம். எல்லாருக்கும் பிடிக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரே ஒரு முறை வந்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். நான் சொல்வது, ஒரு குழுவைப் பார்த்துவிட்டு எல்லாக் குழுவையும் எடை போட்டுவிடாதீர்கள். ஒன்றில் பேச்சு அதிகம், ஒன்றில் வாசிப்பு அதிகம், ஒன்றில் எல்லாரும் வயதானவர்கள். நாலைந்து இடம் போய்ப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

பத்திரிகைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1935 மே மாதம், பின்னால் ஏ.ஏ.வைத் தொடங்கியவர்களில் ஒருவரான, லோயிஸின் கணவர் பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்கு ஒரு வியாபார வேலையாகப் போனார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. போன காரியம் கெட்டுவிட்டது. தங்கியிருந்த மேஃப்ளவர் ஓட்டலின் கூடத்தில் ஒரு பக்கம் மதுக்கூடம், உள்ளே சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசி, பக்கத்தில் ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியல். இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் தப்பிக்கலாம் என்று தோன்றி, அந்தப் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாரை அழைத்தார். அவர் வேறு சிலரின் எண்களைக் கொடுக்க, அந்த வழியாக ஹென்ரியட்டா செய்பர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். அவர் அழைத்து வந்து சந்திக்க வைத்தவர்தான் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்தவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. அந்த ஓட்டல் கூடத்தில் தொலைபேசிக்குப் பக்கத்தில் அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

அதோடு நிற்கவில்லை. 1939-ல் கிளீவ்லாந்து நகரத்தின் ‘பிளைன் டீலர்’ நாளிதழ் இந்தக் குழுவைப் பற்றித் தொடர் கட்டுரை போட்டது. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் இருந்த குழுவுக்கு நூற்றுக்கணக்கானவர்கள் விசாரித்து வந்தார்கள். 1941 மார்ச் 1-ம் தேதி ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ வார இதழில் ஜாக் அலெக்சாண்டர் என்ற நிருபர் எழுதினார். ஏதோ மோசடி இருக்கும் என்ற சந்தேகத்தோடுதான் அவர் விசாரிக்கப் போனார். அந்த வருடத் தொடக்கத்தில் சுமார் 2,000 பேர் இருந்த ஏ.ஏ., வருடக் கடைசியில் சுமார் 8,000 பேர் ஆனது. உங்கள் தொழிலுக்கு இந்த வலிமை உண்டு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது தொடர் கட்டுரை இல்லை, ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. மாதம் ஒரு முறை போட்டால்கூடப் போதும். கிழமை, நேரம், இடம், எந்த வாசல் வழியாக வர வேண்டும், ஓப்பனா க்ளோஸ்டா, எந்த மொழி, பெண்களுக்கான கூட்டம் உண்டா, தொலைபேசி எண், கடைசியாகச் சரிபார்த்த மாதம். ஏ.ஏ. மட்டும் அல்ல, குடும்பக் குழு, ஸ்மார்ட் ரிகவரி, போதை மறுவாழ்வுப் பிரிவு உள்ள மருத்துவமனையின் எண் எல்லாம் சேர்த்து. தற்கொலைச் செய்திகளுக்குக் கீழே உதவி எண் போடும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது அல்லவா? குடிபோதையில் நடந்த விபத்து, அடிதடி, சாவு என்று தினமும் செய்தி போடுகிறீர்களே, அதற்குக் கீழேயும் இரண்டு வரி போடலாம். அந்தச் செய்தியை யார் கூர்ந்து படிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? வீட்டில் அப்படி ஒருவர் இருப்பவர்கள்தான்.

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வோர் எண்ணையும் யாராவது அழைத்துப் பார்க்க வேண்டும். எடுப்பார் இல்லாத எண்ணைப் போடுவதைவிட ஒன்றும் போடாமல் இருப்பது மேல். அதற்கு ஆள் இல்லை என்றால் நான் செய்து தருகிறேன். மெய்ப்பும் பார்த்துத் தருகிறேன். சம்பளம் வேண்டாம். பழைய பழக்கம், சிவப்பு மை மட்டும் கொஞ்சம் தாராளமாக இருக்கும்.

என் பெயரும் எண்ணும் தனித்தாளில் உங்கள் பார்வைக்கு மட்டும் வைத்திருக்கிறேன். கடிதம் நீளமாகிவிட்டது, தெரியும். வெட்ட வேண்டியிருந்தால் ஆக்ரன், கிளீவ்லாந்து கதைகளைத் தாராளமாக வெட்டுங்கள். வலிப்பு பற்றிய பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்
(பெயர் வெளியிட வேண்டாம்)